முன்பள்ளியில் விளையாட விட்டால் எழுத்து எப்போது வரும்?

ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு தாயின் கேள்வி: "மகனுக்கு நாலு வயது. முன்பள்ளியில் அவன் இஷ்டத்துக்கு விளையாட விடுகிறார்கள். இது சரியா?"

பயம் நியாயம்தான். கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மா கொப்பியைத்தான் முதலில் புரட்டுவார். ஆனால் இது பணக்காரப் பிள்ளைகளுக்கான முறை அல்ல. பிள்ளை தானே தெரிந்தெடுத்துச் செய்து பழகும் முறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மொண்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய முதல் முன்பள்ளியே, வேலைக்குப் போகும் ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, குலுக்கலில் மொண்டிசோரி பள்ளிகளில் இடம் கிடைத்த பிள்ளைகளை இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டது. மொண்டிசோரியில் வறிய, வசதியான பிள்ளைகளுக்கு இடையிலான கல்வி இடைவெளி குறைந்திருந்தது.

முன்பு 'விளையாட்டா, பாடமா' என்று மோதவிட்டார்கள். இப்போது பேச்சு 'வழிகாட்டிய விளையாட்டு' பற்றி. பிள்ளை முன்னே போகும், ஆசிரியர் ஒரு கேள்வியோடு பின்னே போவார். பிள்ளை தேயிலைக் கொட்டைகளைக் குவித்து விளையாடுகிறது என்று வையுங்கள். "எந்தக் குவியலில் கூட இருக்கு? எப்படித் தெரியும்?" என்று கேட்டாலே எண்ணத் தொடங்கிவிடும். 39 ஆய்வுகளைத் தொகுத்த 2022ஆம் ஆண்டு அலசலில், ஆரம்பக் கணிதத்திலும் வடிவங்களை அறிவதிலும் இது நேரடிப் போதனையை முந்தியது. எல்லாவற்றிலும் அல்ல.

அதனால் "எழுத்து எங்கே?" என்று கேட்காமல், விளையாடும்போது ஆசிரியை என்ன செய்கிறார் என்று ஒரு காலையில் போய்ப் பாருங்கள். ஓரத்தில் ஃபோனோடு உட்கார்ந்திருந்தால், அப்புறம் சண்டை பிடிக்கலாம்.