முடி கொட்டாது, சிக்கு விழும்

கேள்வி: எங்கள் வீட்டு நாய் லாப்ரடாரும் பூடுலும் கலந்த கலப்பு. முடியே கொட்டாது, பராமரிப்பு சுலபம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இப்போது காதுக்குப் பின்னால் முடி கட்டி கட்டியாக இருக்கிறது. குளிப்பாட்டினால் இன்னும் மோசம். வெயிலுக்கு மொட்டை அடித்துவிடலாமா டாக்டர்?
— வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: கொட்டாது என்பது பாதி உண்மைதான் அம்மா. உதிரும் முடி தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. தண்ணீர் பட்டால் அந்தச் சிக்கு இறுகிவிடும். அதனால் முதலில் சீவுங்கள், அப்புறம் குளியல். மேலாகத் தடவினால் போதாது. வகிடு பிரித்து, தோல் தெரியும்வரை பிரஷ் போட்டு, கடைசியில் இரும்புச் சீப்பை விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் சரி. முன்னங்கால் அக்குளையும் கழுத்துப்பட்டைக்கு அடியிலும் மறக்காதீர்கள். கத்தரிக்கோலை மட்டும் எடுக்க வேண்டாம். சிக்கைத் தூக்கும்போது தோலும் சேர்ந்து எழும்பும். வெட்டுப்பட்டுத் தையலுக்கு என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மொட்டையும் வேண்டாம், வெயில் தோலைச் சுட்டுவிடும். கிளிப்பர் வைத்துச் செய்பவரிடம் ஓர் அங்குலம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். தொங்கு காது என்பதால் குளித்ததும் காதை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. மாம்பழ சீசனில் உங்கள் ஊரில் பெங்களூரா மாங்கொட்டை கிடக்காத வாசல் ஏது? அதை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். சாப்பிடாமல் வாந்தி எடுத்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். திராட்சையும் கூடவே கூடாது, சிறுநீரகம் கெட்டுவிடும்.