இருவர் வாழும் சிறிய வீட்டில் மாதக் கட்டணங்களுக்கு எப்படித் திட்டமிடுவது?

ஒருவருக்கு நிலையான சம்பளம், மற்றவருக்கு வேலை கிடைப்பதைப் பொறுத்த வருமானம், கணக்கு எழுதிவைத்தும் மாதக் கடைசியில் துண்டு விழுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நானும் இதே நிலையில் இருந்தேன். வாடகை, மின்சாரம், தண்ணீர், எரிவாயு, இணையம், கைப்பேசி என ஒன்றையும் விடாமல் நோட்டில் எழுதினேன். மூன்று மாதங்கள் வரவும் செலவும் நேராக நின்றன. நான்காவது மாதத்தில் காப்பீட்டின் ஆண்டுத் தவணை வந்து சேர, அதைக் கட்டுவதற்குக் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று. செலவை எழுதுவதில் நான் தவறவில்லை. மாதந்தோறும் வருவது மட்டுமே மாதச் செலவு என்று எண்ணியதுதான் என் பிழை.

ஆகவே, மாதத்தை ஒதுக்கிவிட்டு ஆண்டைக் கையில் எடுங்கள். கடந்த 12 மாத வங்கிக் கணக்கு விவரத்தை ஓர் உட்காரலில் பார்த்து, வீட்டுக்காகக் கட்டிய ஒவ்வொரு கட்டணத்தையும் அது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதோடு சேர்த்து எழுதுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது, காலாண்டுக்கு வருவது, ஆண்டுக்கு ஒருமுறை சத்தமில்லாமல் தானே புதுப்பித்துக்கொள்ளும் சந்தா எல்லாம் அப்போது வெளியே வரும். ஆண்டு முழுவதற்குமான கூட்டுத் தொகையை 12ஆல் வகுத்தால் கிடைப்பதே உங்கள் உண்மையான மாதக் கட்டணம். அது நீங்கள் இதுவரை நம்பிவந்த தொகையைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

இதில் நான் இடறி விழுந்த இடம் ஒன்று உண்டு. ஆண்டுக்கு 1,200 கட்ட வேண்டிய ஒரு கட்டணத்துக்கு மாதம் 100 எடுத்துவைத்தால் போதும் என்று நினைத்துத் தொடங்கினேன். ஆனால் கட்ட வேண்டிய நாளுக்கு ஐந்தே மாதங்கள்தான் இருந்தன, கையில் சேர்ந்திருந்தது 500 மட்டுமே. முதல் சுற்றில் 12ஆல் வகுக்கக் கூடாது, மீதமிருக்கும் மாதங்களால் வகுக்க வேண்டும். ஐந்து மாதங்களுக்கு 240 வீதம் எடுத்துவைத்து அந்தத் தவணையைக் கடந்த பிறகுதான் 100 என்ற கணக்கு செல்லும். முதல் ஆண்டு இறுக்கமாக இருப்பதற்கு இதுவே காரணம். பலர் அந்த இறுக்கத்தைத் தாங்காமல் திட்டம் சரியில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

வாரச் சம்பளம் வாங்குபவர்கள் நான்கு வாரம் ஒரு மாதம் என்று கணக்கிட்டு, மாதக் கட்டணத்தில் கால் பங்கை வாரந்தோறும் ஒதுக்குவது வழக்கம். ஆண்டுக்கு 52 வாரங்கள் இருப்பதால், அப்படி ஒதுக்கினால் 13 மாதங்களுக்கான தொகை சேர்ந்துவிடும். இந்தத் தவறு நன்மையான தவறு. மிஞ்சும் ஒரு மாதத் தொகையை அப்படியே அவசரத்துக்கு விட்டுவையுங்கள்.

ஒதுக்கிய தொகை அன்றாடச் செலவுக் கணக்கிலேயே கிடந்தால் கரைந்துவிடும். கட்டணங்களுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்து, சம்பளம் வந்த மறுநாள் அதற்கு மாற்றிவிடுங்கள். தானாகப் பிடித்தம் செய்யப்படும் தேதிகளையும் அதற்குப் பின் வருமாறு மாற்றிக் கேளுங்கள்.

இனிக் குறைப்பதைப் பற்றி. சிறிய வீட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லாத ஒரு சங்கடம், கட்டணத்தில் இருக்கும் நிலையான பகுதி. பயன்பாடு குறைவாக இருந்தாலும் அந்தப் பகுதி குறைவதில்லை என்பதால், பெரிய வீட்டைவிட நம் கட்டணத்தில் அதன் விகிதம் அதிகம். விளக்கை அணைத்து அதைக் குறைக்க முடியாது. தேவைக்கு மீறிய இணைய வேகம், யாரும் பயன்படுத்தாத இரண்டாவது கைப்பேசி இணைப்பு போன்றவற்றை ஆண்டுக்கு ஒருமுறை பரிசீலித்துத்தான் குறைக்க முடியும்.

பயன்பாட்டுப் பகுதியிலும் எங்கே குறைப்பது என்பதற்குச் சிறிய கணக்குத் தேவைப்படுகிறது. 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2,000 வாட் வெந்நீர்க் கருவி கால் மணி நேரத்தில் அரை யூனிட்டை எடுத்துக்கொள்ளும். 9 வாட் எல்இடி விளக்கு அதே அரை யூனிட்டைச் செலவழிக்க 55 மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். (எங்கள் வீட்டில் விளக்கை அணைக்காததற்காக நடந்த சண்டைகளை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.) சூடாக்கும் கருவிகளையும் குளிரூட்டும் கருவிகளையும் கவனித்தாலே போதும். தண்ணீரில் பார்த்தால், நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் நாளொன்றுக்கு 86,400 சொட்டு, அதாவது ஏறத்தாழ நான்கு லிட்டர் விடும். வாஷர் மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மின்மீட்டரை மாதம் ஒருமுறையாவது நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை எங்கள் கட்டணச் சீட்டு இரண்டு சுற்றுகளுக்கு மதிப்பீட்டின்படி குறைவாக வந்தது. சிக்கனம் பலித்துவிட்டது என்று மகிழ்ந்து மிச்சத்தைச் செலவழித்தோம். மூன்றாவது சுற்றில் உண்மையான அளவைப் பார்த்து விடுபட்டது முழுவதையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். சீட்டில் 'மதிப்பீடு' என்று அச்சிட்டிருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை.

உங்கள் வருமான நிலைக்கு நான் சொல்வது இது: ஆண்டுக் கணக்கில் வந்த மாதத் தொகை முழுவதையும் நிலையான சம்பளத்தின் மீது மட்டும் வையுங்கள். வேலை கிடைப்பதைப் பொறுத்து வரும் வருமானத்தை, முதல் ஆண்டில், மேலே சொன்ன முதல் சுற்றின் கூடுதல் பாரத்துக்கு ஒதுக்குங்கள். எந்தத் தவணை அருகில் இருக்கிறதோ அதற்கு முதலில். சம்பளம் மட்டும் அந்தத் தொகையைத் தாங்கவில்லை என்றால், உங்களுக்குத் துண்டு விழுவது கணக்கு எழுதும் முறையால் அல்ல, நிலையான கட்டணங்களில் ஏதோ ஒன்று, பெரும்பாலும் வாடகை, வருமானத்துக்கு மீறியிருப்பதால்.