பையன் சோறு சாப்பிட மாட்டேங்குறானா, மால்ட் டப்பாவ பாருங்க

சகோ, 7 வயசு பையன் ரெண்டு வேளையும் மால்ட் பால் குடிக்கிறான், சோறுன்னா ஓடுறான்னு சொன்னீங்கல்ல, மொதல்ல டப்பாவ திருப்பி ஆடட் சுகர் எவ்ளோன்னு பாருங்க, 100 கிராமுக்கு 30னு போட்டிருந்தா 20 கிராம் பவுடர்ல 6 கிராம், அதுக்கு மேல நம்ம ஆளுங்க தனியா சீனி வேற போட்டு ஆத்துவாங்க. ஹெல்த் ட்ரிங்க்னு ஒரு வகையே நம்ம உணவுச் சட்டத்துல கிடையாது, 2024 ஏப்ரல்ல மத்திய அரசே ஆன்லைன் கடைங்கள அந்த லிஸ்ட்ல இருந்து இதையெல்லாம் எடுக்கச் சொல்லுச்சு. ஒரேயடியா நிறுத்தாதீங்க, அடம்பிடிப்பான். சாயங்காலம் மட்டும் பவுடர கொறச்சுட்டே வந்து வெறும் பாலாக்கிடுங்க, கூட கொஞ்சம் சுண்டல். ராத்திரி பசிச்சா தானா தட்டு கிட்ட வருவான். எடை ஏறாம இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.