வரைபட டைல் அச்சிடுதல்: கேள்வி பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மேசை விளையாட்டு ஆடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. டைல் என்பது ஓர் அங்குலக் கட்டங்கள் போட்ட வரைபடத் துண்டு; பல துண்டுகளை அடுக்கி ஆடுகளம் அமைப்பார்கள்.

கே: ஃபோட்டோஸ்டாட் கடையில் அச்சடித்தேன். கட்டம் ஓர் அங்குலம் வரவில்லை, பழைய டைலோடும் சேரவில்லை.

ப: கோப்பு அமெரிக்க லெட்டர் தாளுக்குச் செய்ததாக இருக்கும், கடையில் இருப்பது ஏ4. 'ஃபிட் டு பேஜ்' (தாளுக்கேற்பச் சுருக்குவது) போட்டால் 215.9 மி.மீ. அகலம் 210-க்குள் அடங்க வேண்டும். 25.4 மி.மீ. கட்டம் 24.7 ஆகிவிடும். ஒரு கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாது, பத்துக் கட்டத்தில் 7 மி.மீ. இடிக்கும். 'ஆக்சுவல் சைஸ், 100 விழுக்காடு' என்று சொல்லி, முதலில் சாதாரணத் தாளில் ஒரே ஒரு பக்கம் எடுங்கள். ஆறு கட்டம் 152.4 மி.மீ. இருந்தால் அட்டைக்குப் போகலாம். சொந்தமாக வரைகிறவர்கள் ஏ4-இல் 7×10 கட்டத்தோடு நிறுத்துங்கள் (300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 2100×3000 பிக்சல்).

கே: ஒட்டிய மறுநாளே அட்டை அப்பளமாய் வளைகிறது.

ப: வெள்ளைப் பசையின் தண்ணீர்தான் காரணம். நனைந்த தாள் விரியும். காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். 2 மி.மீ. சாம்பல் அட்டை வாங்கி, பின்புறமும் அதே நேரத்தில் வெற்றுத்தாள் ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். இங்க்ஜெட் அச்சானால் பசை ஈரத்தில் மை கசியலாம். லேசர் அச்சு தாங்கும்.

கே: லேமினேட் செய்யலாமா?

ப: ஒற்றைப் பெரிய வரைபடத்துக்குச் செய்யுங்கள். டைலுக்கு வேண்டாம்: ஓரத்து ஃபிலிமை விட்டால் இடைவெளி விழும், ஒட்ட வெட்டினால் ஈரம் புகுந்து பிரியும்.

கே: செம்பனைத் தோட்டத்தை டைலாக்க முடியுமா?

ப: அதற்கென்றே அளவெடுத்தது போல அமையும். 9 மீட்டர் முக்கோண நடவில் மரத்துக்கு மரம் 29.5 அடி, நிரைக்கு நிரை 25.6 அடி. விளையாட்டில் ஒரு கட்டம் 5 அடி நிலத்தைக் குறிக்கிறது என்றால் ஏறக்குறைய 6 கட்டமும் 5 கட்டமும். ஆகவே 6×10 டைலில் இரண்டு மரம்: ஒன்று இரண்டாம் பத்தி, மூன்றாம் வரிசையில், மற்றது ஐந்தாம் பத்தி, எட்டாம் வரிசையில். எத்தனை டைல் அடுக்கினாலும் நிரை பிசகாது. அடிமரத்தை மட்டும் அரைக் கட்ட வட்டமாக வரையுங்கள்; ஓலையையும் வரைந்தால் கீழே ஒன்றும் தெரியாது. ஐந்து, ஆறாம் வரிசைகள் அறுவடைப் பாதை. வெட்டிய மட்டைக் குவியலை மேல், கீழ் ஓர வரிசைகளில் போடுங்கள். ஆட்டத்தில் அங்கே ஒரு கட்டம் நகர இரண்டு கட்ட நடை செலவாகும், டைல் சேரும் கோடும் மட்டைக்குள் மறைந்துவிடும்.