கடைசி பஸ்ஸைக் கேட்டீர்களா?

கேள்வி: அக்கா, நான் ஹட்டன் பக்கம் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி. கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் அதிகாரி. கொழுந்து அதிகம் வரும் காலத்தில் எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஒன்றரை வயது மகளைப் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் பார்த்துக்கொள்கிறார். நேரத்தால் அந்த அம்மாவோடு தினமும் மனஸ்தாபம். என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, அந்த அம்மா எப்படி வீட்டுக்குப் போகிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! மாலை டியூட்டி ஏழு மணிக்கு முடிந்தாலும், வார்டை ஒப்படைத்துவிட்டு நீங்கள் வந்துசேர எட்டாகும். அதற்குள் தோட்டத்துக்குக் கடைசி பஸ் போயிருக்கும். மழையில், மூடுபனியில், டார்ச் வெளிச்சத்தில் தோட்டத்து லயன் வீட்டுக்கு ஏறி நடக்கச் சொல்வீர்களா? அந்த நாட்களில் ஆட்டோக் கூலி உங்களுடையது என்று முதலில் பேசிவிடுங்கள்.

நானும் இதில் பட்டவள்தான். வங்கியில் கணக்கு முடித்துப் பிந்தி வரும்போதெல்லாம் “பரவாயில்லைம்மா” என்றார் எங்கள் ஆயா. மூன்றாம் மாதம் சொல்லாமலே நின்றுவிட்டார். பிந்திய நேரத்துக்கு நான் ஒரு சதம்கூடக் கொடுத்ததில்லை.

டியூட்டி ரோஸ்டர் கைக்கு வந்ததும் சமையலறைக் கலண்டரில் குறித்து அந்த அம்மாவிடம் காட்டுங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் உங்களுக்கு வேலை என்றால் அதையும் முன்பே கேளுங்கள். நைட் டியூட்டி முடிந்த காலையிலும் அவர் வரட்டும், நீங்கள் தூங்க வேண்டாமா? சரி, உங்கள் கணவர்? வாரத்தில் இரண்டு மாலையாவது அவர் பெயரையும் அந்தக் கலண்டரில் எழுதுங்கள், பேனாவால்.