மூன்று ராயெவ்ஸ்கிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நெப்போலியன் ரஷ்யாமீது படையெடுத்த 1812 போரில் இரு மகன்களின் கையைப் பிடித்துக்கொண்டு படைக்கு முன்னால் நடந்தாராமே, ரஷ்யத் தளபதி நிகொலாய் ராயெவ்ஸ்கி? அந்தக் கதை உண்மையா? அவர் இறந்த ஆண்டு ஓரிடத்தில் 1829, ஓரிடத்தில் 1843, இன்னோரிடத்தில் 1876 என்று இருக்கிறது. அவர் மகள் மரியா வோல்கோன்ஸ்காயாதான் டால்ஸ்டாயின் அம்மாவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பார்த்த மூன்று ஆண்டுகளுமே சரிதான், ஆட்கள்தான் வேறு வேறு. தந்தை, மகன், பேரன் மூவருக்கும் நிகொலாய் நிகொலாயெவிச் ராயெவ்ஸ்கி என்றே பெயர். ஒரே பெயர்க்காரர்களைத் தந்தை பெயரை வைத்துப் பிரிப்பது ரஷ்யர் வழக்கம். இங்கே அதுவும் உதவாது. பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டைக் குறித்துக்கொண்டு படியுங்கள். 1771இல் பிறந்தவர் நீங்கள் கேட்கும் தளபதி. 1801இல் பிறந்தவர் அவருடைய இளைய மகன். அவரும் ஜெனரல்தான், கருங்கடல் கரையில் நோவோரோசிஸ்க் நகரை 1838இல் நிறுவியவர்களில் ஒருவர். கவிஞர் புஷ்கின் ‘காகசஸ் கைதி’ என்ற நெடுங்கவிதையை அர்ப்பணித்தது இவருக்கே. 1839இல் பிறந்த பேரன் செர்பியாவில் துருக்கியரோடு பொருதி இறந்தார்.

மரியா விஷயமும் இதே குழப்பம்தான். டால்ஸ்டாயின் தாயும் மரியா நிகொலாயெவ்னா வோல்கோன்ஸ்காயா. ஆனால் அவர் வோல்கோன்ஸ்கி வீட்டில் பிறந்தவர், 1830இல் இறந்தார். ராயெவ்ஸ்கியின் மகள் அந்தப் பெயருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், 1863 வரை இருந்தார்.

இனி மகன்கள் கதை. 1812 ஜூலை 11, மொகிலேவுக்குத் தெற்கே சால்தனோவ்கா. மேற்கத்திய நூல்களில் ஜூலை 23 என்றிருக்கும். ரஷ்யாவின் பழைய நாட்காட்டி அந்த நூற்றாண்டில் 12 நாள் பின்தங்கியது. ரஷ்யத் தளபதி பக்ராதியோனின் படை நீப்பர் ஆற்றைக் கடக்க அவகாசம் வேண்டும், அதற்காக நெப்போலியனின் மார்ஷல் தாவூவின் படையை ராயெவ்ஸ்கி மோதிப் பிடித்துவைக்க வேண்டும். குறுகலான அணைக்கரை வழியாகத்தான் முன்னேற முடியும். ஸ்மொலென்ஸ்க் ரெஜிமென்ட்டை அவரே முன்னின்று நடத்தினார், மார்பில் அடியும் பட்டது. இதுவரை சந்தேகமில்லை.

மகன்களைப் பற்றி இரண்டு சாட்சியங்கள் உண்டு, இரண்டுமே அவருடையவை. பிற்பாடு அவரிடம் துணை அதிகாரியாக இருந்த கவிஞர் பாத்யுஷ்கோவ் கேட்டபோது மறுத்துவிட்டார்: அந்த நேரத்தில் பிள்ளைகள் தன் பக்கத்தில் இல்லை, சின்னவன் காட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்தான், ஒரு குண்டு அவன் கால்சட்டையைத் துளைத்தது, அவ்வளவுதான், மற்றதெல்லாம் பீட்டர்ஸ்பர்க்கில் கட்டியது. ஆனால் போர் நடந்த காலத்திலேயே மனைவியின் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில், கடும் சூட்டிலும் நிகொலாய் வேடிக்கை பேசிக்கொண்டிருந்தான், கால்சட்டையைக் குண்டு துளைத்தது, இருவருக்கும் பதவி உயர்வு என்கிறார். இரண்டிலும் மாறாமல் இருப்பது கால்சட்டை ஓட்டைதான்! மூத்தவன் அலெக்சாந்தருக்கு அப்போது 16 வயது, நிகொலாய்க்குப் 10. இருவரும் முகாமில் இருந்தார்கள், சின்னவனுக்குக் குண்டு மிக அருகில் வந்தது, இதை நம்பலாம். கைகோத்து நடந்ததும், அப்போது அவர் பேசியதாகச் சொல்லப்படும் வீர வசனமும் சித்திரம் வரைந்தவர்களின் கைவண்ணம் என்றே நினைக்கிறேன். அதே ஆண்டு நடந்த போரோதினோ பெரும்போரில் அவர் காத்த, அவர் பெயரால் வழங்கும் பீரங்கி மேட்டுக்கு இப்படி ஒரு ஒப்பனையும் தேவைப்படவில்லை.

என்னைக் கேட்டால், அந்த வீட்டுக்கு உண்மையான சோதனை வந்தது 1826இல். ராயெவ்ஸ்கியின் தாய், பேரரசி கேத்தரீனின் செல்வாக்கு மிக்க அமைச்சர் பொட்யோம்கினின் சகோதரி மகள். அவர் மறுமணம் செய்தது தவீதோவ் குடும்பத்தில். அதில் பிறந்த தம்பி வசீலி தவீதோவ் மன்னராட்சிக்கு எதிராக ராணுவ அதிகாரிகள் நடத்திய 1825 டிசம்பர் கிளர்ச்சி வழக்கில் சைபீரியாவுக்குப் போனார். மூத்த மருமகன் மிகயீல் ஒர்லோவ் கைதானாலும் சகோதரர் அலெக்சேய் மன்னருக்கு நெருக்கமானவர் என்பதால் தப்பினார். இரண்டு மகன்களும் பிடிபட்டு, குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். மரியாவின் கணவர் செர்கேய் வோல்கோன்ஸ்கிக்கோ 20 ஆண்டுக் கட்டாய உழைப்பு. அவர் கைதானபோது மணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை, 1826 ஜனவரி 2இல்தான் மகன் பிறந்திருந்தான். பிரசவக் காய்ச்சலில் கிடந்த மரியாவிடம் கைதுச் செய்தியையே வீட்டார் மறைத்தார்கள். அதில் முன்நின்றவர் அண்ணன் அலெக்சாந்தர்.

தெரிந்தபின் மரியாவை யாராலும் தடுக்க முடியவில்லை. குழந்தையை விட்டுவிட்டு டிசம்பரில் கணவரைத் தேடி சைபீரியாவுக்குக் கிளம்பினார். ஓராண்டில் திரும்பாவிட்டால் சபிப்பேன் என்றார் தந்தை. சைபீரிய நகரமான இர்கூத்ஸ்கில் கையெழுத்திட வேண்டியிருந்த பத்திரம் பிரபுகுல உரிமைகளைப் பறித்தது; அங்கே பிறக்கும் பிள்ளைகள் அரசுக் குடியானவர்களாவார்கள் என்றது. கையெழுத்திட்டு, கணவர் உழைத்த பிளகொதாத்ஸ்க் சுரங்கம் வரை போனார். விட்டுவந்த குழந்தை 1828 ஜனவரியில் இறந்தது. கல்லறை வரிகளை எழுதியவர் புஷ்கின்.

தளபதி 1829 செப்டம்பர் 16இல் (புதிய கணக்கில் 28) கீவ் மாகாணத்து பொல்திஷ்கா பண்ணையில் இறந்தார். அவர் மனைவி சோஃபியா, வெண்கடல் மீனவர் மகனாகப் பிறந்து அறிவியலாளரான லொமனோசோவின் பேத்தி. சோஃபியாவுக்கு ஓய்வூதியம் கேட்டு 1830 ஜனவரியில் ரகசியப் போலீஸ் தலைவர் பென்கென்தோர்ஃபுக்கு எழுதியவரும் புஷ்கின்தான். 1820இல் யெகதெரினோஸ்லாவில் காய்ச்சலாகக் கிடந்த அந்த இளைஞரை ராயெவ்ஸ்கி குடும்பம்தான் காகசஸுக்கும் கிரிமியாவுக்கும் தங்களோடு அழைத்துப் போனது.