பழைய பௌத்தச் சிற்பங்களில் ஒரே உருவம் இரண்டு மூன்று முறை வருகிறதே, எழுத்தறிவில்லாதவர்களுக்கு அந்தக் கதை புரிந்திருக்குமா?

புரிந்திருக்கும். நீங்கள் புத்தகத்தில் சின்னப் படமாகத்தான் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் குழப்பம் வருவது இயல்பு.

என் அப்பா அம்மி கொத்துகிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை. 1998இல் அவரை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். ஆந்திராவில் இருந்த அமராவதி பௌத்த ஸ்தூபியின் கற்கள் அங்கே இருக்கின்றன. புத்தரைக் கொல்ல ஏவிவிடப்பட்ட நாளாகிரி என்ற யானையின் வட்டச் சிற்பத்தின் முன் நின்றோம். நான் விளக்க வாயெடுத்தேன். "இரு" என்று கையமர்த்திவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "இந்தப் பக்கம் மதம் புடிச்சு ஆளப் புடிச்சு இழுக்குது. தெருவே பதறுது. மேல ஜன்னல்ல நின்னு பாக்குறாங்க பாரு. அந்தப் பக்கம் அதே யானைதான், சாமியார் கால்ல மண்டி போட்டுருச்சு."

இரண்டு யானை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "கருங்கல்லு இல்லடா, சுண்ணாம்புக்கல்லு. அதான் உளி இவ்வளவு நுணுக்கமா போயிருக்கு" என்றும் சொன்னார். இன்றும் அதைப் பளிங்கு என்று எழுதுகிறார்கள். அப்பா சொன்னதுதான் சரி.

"யானைய ஏவிவிட்டது யாருடா?" என்று மட்டும் கேட்டார். புத்தரின் உறவினனும் பகைவனுமான தேவதத்தன், ராஜகிருக நகரத்தில் நடந்தது என்று நான் சொன்னேன். பெயரை யாராவது வாயால் சொல்லத்தான் வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் பார்ஹுத் ஸ்தூபியில் பல கதைகளின் பெயரைப் பிராமி எழுத்தில் கல்லிலேயே வெட்டிவைத்தார்கள்.

கல்வேலை தெரிந்தவர், அதனால் புரிந்தது என்று யாராவது கருத்துப் போடுவீர்கள். சரி, சாஞ்சி ஸ்தூபியின் கிழக்கு வாயிலின் நடு விட்டத்துக்கு வாருங்கள். சித்தார்த்தர் வீட்டை விட்டுப் போகும் காட்சி. அவர் உருவமே கிடையாது. வெறும் முதுகோடு குதிரை, அவர் இருப்பதற்கு அடையாளமாக மேலே குடை, அதே குதிரை திரும்பத் திரும்ப வருகிறது. கடைசியில் குடை பாதச்சுவடுகளின் மேல் நிற்க, குதிரை குடையில்லாமல் திரும்புகிறது. அந்தப் போட்டோவை அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கும் எழுத்துத் தெரியாது, உளியைத் தொட்டதும் இல்லை. யார் கதை என்று மட்டும் சொன்னேன். விரலை ஓட்டிக்கொண்டே போய், "குதிரை மட்டும் வருது. போன புள்ள வரலியா?" என்றார்.

இனி சொல்வது கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். அதே வருடம் ஒரு வங்கியில் அப்பா தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். "கைநாட்டுக்குச் சொன்னா புரியாது, படிச்சவனக் கூட்டிட்டு வா" என்று அங்கிருந்த ஊழியர் திருப்பி அனுப்பிவிட்டார். நீங்கள் அந்த அர்த்தத்தில் கேட்கவில்லை என்று தெரியும். ஆனாலும் "எழுத்தறிவில்லாதவர்களுக்கு" என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.